மினாண்டருக்கு எல்லைக்கோடு எங்கே கீறுறது?

அலெக்சாண்டரின் படையெடுப்பை வரைபடத்தில் கீறுவது லேசு. கி.மு. 326இல் பியாஸ் ஆற்றுக்கு அங்கால வரமாட்டோம் என்று அவருடைய வீரர்களே நின்றுவிட்டார்கள். கிழக்கே போகும் கோடும் அங்கேயே நின்றுவிடும். மஹய்யாவயில் இருந்துகொண்டு நாங்கள் கீறப் பார்த்தது இன்னொரு கிரேக்க ராஜாவின் படம். பெயர் மினாண்டர். சிங்கள நண்பர்களுக்கு மிலிந்த ரஜு என்றால் தெரியும்.

கண்டிக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு இருக்கு. நாகசேன தேரரிடம் இவர் கேட்ட கேள்விகளாகச் சொல்லப்படுவதுதான் 'மிலிந்த பஞ்ஹ' என்ற பாளி நூல். ஹீனட்டிகும்புரே சுமங்கல தேரர் அதைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில். அந்த ராஜாவோ தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்கர் வம்சம்! ஒரு புத்தகத்துக்குள்ள எத்தனை ஊர் பாருங்க.

சரி, படத்துக்கு வருவோம். மினாண்டர் கி.மு. 2ஆம் நூற்றாண்டு. தலைநகர் சாகல, இன்றைய பாகிஸ்தானின் சியால்கோட் என்பது பொதுவான கருத்து. ஒரு புள்ளி வச்சாச்சு. அடுத்தது? அலெக்சாண்டரை விடக் கூடுதலான இனங்களை வென்றவர் என்று ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ஆனால் அது வேறொருவர் சொன்ன செய்தி. அந்த ஆற்றை இவர் உண்மையிலேயே தாண்டியிருந்தால், என்று அவரே ஒரு சந்தேகத்தையும் போட்டு வைக்கிறார்.

மிச்சம் இருப்பது காசுகள். ஒரு பக்கம் கிரேக்கம், மறுபக்கம் கரோஷ்டி எழுத்து. காபூல் பக்கமிருந்து வட இந்தியா வரை கிடைத்திருக்கின்றன. கிடைத்த இடத்தையெல்லாம் ஒரே கலரில் பூசினால் பெரிய பேரரசு ஒன்று வந்துவிடும். குஜராத் கரையையும் சேர்த்துப் பூசிய படங்கள் இருக்கு. பரூச் துறைமுகத்தில் மினாண்டரின் காசு புழங்கியதாக 'எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்' சொல்வது உண்மைதான். ஆனா அது கி.பி. 1ஆம் நூற்றாண்டு நூல். ராஜா செத்து ஏறக்குறைய இருநூறு வருஷம்! வெள்ளி நல்லதா என்றுதான் வியாபாரி பார்ப்பான், யாருடைய முகம் என்றா பார்ப்பான்? இலங்கையில் ரோமக் காசு ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள். அதுக்காக நாம ரோமாபுரியின் குடிகளா?

கீர்த்தி ஸ்ரீக்கு இந்தப் பிரச்சினை இல்லை. 1766இல் ஒல்லாந்தர் ஒப்பந்தம் எழுதிக் கரையோரம் முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். கண்டியைச் சுற்றி எல்லை காகிதத்திலேயே விழுந்துவிட்டது. மினாண்டருக்கு அப்படி ஒரு காகிதம் கிடையாது.

வேற நாடா இருந்தா இதை ஒரு பொழுதுபோக்கு என்று விட்டிருப்போம். இங்கே பழைய ராஜாக்களின் படத்தை வைத்துத்தான் இது யாருடைய நிலம் என்று ரெண்டு பக்கமும் சண்டை பிடிக்கிறது. அந்தப் படங்களின் கலர் எந்த ஆதாரத்தில் பூசினது என்று பள்ளிக்கூடத்தில் நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் படத்தில் இப்போ சாகலவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. காசு எடுத்த இடங்களுக்குச் சின்ன வட்டங்கள். பரூச்சுக்கு உள்ளே ஒன்றுமில்லாத வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. எல்லைக்கோடு கீறல்ல. கலர் பென்சில் பெட்டி இன்னும் திறக்காமலே கிடக்கு.