எக்ஸிம் மடல் அடையாளத்தில் பொதிந்த நேரம்

எக்ஸிம் என்பது யூனிக்ஸ் வகைக் கணினிகளில் மின்னஞ்சலைப் பெற்று உரிய இடத்துக்கு அனுப்பும் சேவையக மென்பொருள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிலிப் ஹேசல் 1995-ல் இதை உருவாக்கினார். 'சோதனை நிலை இணைய அஞ்சல் மென்பொருள்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே எக்ஸிம். சோதனையாகத் தொடங்கிய இம்மென்பொருள் பின்னர் டெபியன் லினக்ஸின் இயல்பான அஞ்சல் மென்பொருளாக நீண்டகாலம் இருந்தது.

எக்ஸிம் தான் பெறும் ஒவ்வொரு மடலுக்கும் ஓர் அடையாளம் இடுகிறது. மடல் காத்திருக்கும் கோப்பின் பெயரிலும், சேவையகத்தின் பதிவேட்டிலும், மடலின் தலைப்பகுதியிலும் அது இடம்பெறும். பழைய வடிவில் இது சிறு கோடுகளால் பிரிக்கப்பட்ட மூன்று பகுதிகள் கொண்டது. முதல் ஆறு எழுத்துகள் மடல் வரத் தொடங்கிய நொடியைக் குறிக்கும். அடுத்த ஆறு, மடலைப் பெற்ற நிரலின் செயல் எண். கடைசி இரண்டும் நொடியின் பின்னம். ஒரே எண் இரு மடல்களுக்கு அமையாதிருக்க, மடலைப் பெற்றபின் கடிகாரம் ஒரு படி நகரும் வரை எக்ஸிம் காத்திருக்கிறது.

நேரம் யூனிக்ஸ் முறைப்படி, 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாகக் கணக்கிடப்படுகிறது. அந்த எண்ணிக்கை 62-ஐ அடியாகக் கொண்டு எழுதப்படும். 0 முதல் 9 வரை பத்து இலக்கங்கள், பெரிய ஆங்கில எழுத்துகள் 26, சிறிய எழுத்துகள் 26 என இவை 62 ஆகின்றன. கோப்புப் பெயர் குறுகியதாக இருக்க இது உதவியது. பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கருதும் மேக், சிக்வின் போன்ற அமைப்புகளில் மட்டும் அடி எண் 36.

ஓர் அடையாளத்தின் முதல் ஆறு எழுத்துகளின் மதிப்புகள் 1, 5, 41, 55, 42, 16 என்று கொள்வோம். முதல் மதிப்பை 62-ஆல் பெருக்கி அடுத்ததைக் கூட்டினால் 67. அதையே மீண்டும் செய்தால் 4,195. பின்னர் 2,60,145, அடுத்து 1,61,29,032, இறுதியில் சரியாக 100 கோடி. அது 2001 செப்டம்பர் 9, உலக நேரம் அதிகாலை 1:46:40. இந்தியக் கடிகாரத்தில் அப்போது காலை 7:16:40. அடையாளத்தில் நேர வலயம் கிடையாது என்பதால் இந்த மாற்றத்தைப் படிப்பவரே செய்துகொள்ள வேண்டும்.

இக்கணக்கைக் கையால் போடுவது சலிப்பூட்டும் வேலை. நிர்வாகிகள் பலர் தங்களுக்கென்று சிறு பெர்ல் நிரல்களை எழுதி வைத்திருந்தனர். பின்னர் எக்ஸிமுடனேயே 'எக்ஸிம் எம்எஸ்ஜிடேட்' என்ற கட்டளைவரிக் கருவி வழங்கப்பட்டது. அடையாளத்தைக் கொடுத்தால் அது தேதியையும் நேரத்தையும் காட்டும்.

இதன் பயன் தகராறுகளில் தெரியும். மடலின் 'தேதி' வரியை அனுப்புபவரின் கணினியே எழுதுகிறது. அக்கணினியின் கடிகாரம் தவறாக இருக்கலாம். வேண்டுமென்றே மாற்றப்பட்டும் இருக்கலாம். சேவையகப் பதிவேடுகளோ சில வாரங்களில் அழிக்கப்படுவது வழக்கம். மடலின் 'பெறப்பட்டது' வரியில் உள்ள அடையாளம் மட்டும் பெறுநரிடமே எஞ்சுகிறது. எனினும் நம்பிக்கைக்குரிய சேவையகம் இட்ட வரியையே சான்றாகக் கொள்ள இயலும். அதற்குக் கீழே உள்ள வரிகளை எவரும் புனைந்து சேர்க்கலாம். சேவையகத்தின் கடிகாரமே பிழையாக இருந்தால் அடையாளமும் அந்தப் பிழையையே சுமக்கும்.

அடையாளங்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு அவை எல்லாம் 1 என்றே தொடங்குவது பழகிப்போயிருக்கும். நொடிகளின் எண்ணிக்கை 62-இன் ஐந்தாம் அடுக்கை 1999 ஜனவரி 12-ல் எட்டியது. அதற்கு முன் முதல் எழுத்து 0. உலக நேரப்படி 2028 ஜனவரி 23-ல் அது 2 ஆகும். ஆறு எழுத்துகள் மொத்தம் 1,800 ஆண்டுகளுக்குப் போதும். 36-ஐ அடியாகக் கொண்ட அமைப்புகளில் நிலைமை வேறு. அங்கு ஆறு எழுத்துகளின் இடம் 2038 டிசம்பரிலேயே தீர்ந்துவிடும்.

2023-ல் வெளியான 4.97 பதிப்பு அடையாளத்தை நீட்டித்தது. செயல் எண்ணுக்கு 11 எழுத்துகளும் நொடிப் பின்னத்துக்கு நான்கும் ஒதுக்கப்பட்டன. 64 பிட் அளவுள்ள செயல் எண்ணையும் 11 எழுத்துகளுக்குள் அடக்கிவிடலாம். பழைய 16 எழுத்து நீளத்தை எதிர்பார்த்து எழுதப்பட்ட நிரல்களைத் திருத்த வேண்டியதாயிற்று. நேரத்துக்குரிய முதல் ஆறு எழுத்துகள் மாறவில்லை.