கடைசி வீட்டின் ஒப்புதல்: கிராம் விகாஸின் முழுச்சேர்க்கை விதி குறித்து ஒரு மறுவாசிப்பு

ஒடிசாவின் கஞ்சாம், கஜபதி மாவட்டங்களில் கிராம் விகாஸ் என்ற தொண்டு நிறுவனம் நிறைவேற்றிய குழாய்நீர், கழிப்பறைத் திட்டத்தை அளந்த இரண்டு ஆய்வுகள் நேரெதிரான முடிவுகளைத் தந்திருக்கின்றன. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரேமண்ட் கிட்டராஸ், தாமஸ் கிளாசன் நால்வரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு நூறு ஊர்களைப் பற்றியது. சிகிச்சை பெற்ற வயிற்றுப்போக்கு 30 முதல் 50 விழுக்காடு வரை குறைந்தது, அந்தப் பலன் ஐந்தாண்டுகளுக்கு மேலும் நீடித்தது என்பது அதன் முடிவு. 2019இல் வெளியான இன்னோர் ஆய்வு, திட்டம் நடந்த 45 ஊர்களையும் நடக்காத 45 ஊர்களையும் இணைசேர்த்துப் பார்த்தது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் அதற்கு வேறுபாடு ஏதும் தென்படவில்லை. உயரத்தில் சிறு முன்னேற்றம் இருந்தது.

இந்த இரண்டாவது முடிவைக் கொண்டு கிராம் விகாஸின் அடிப்படை விதியையே கேள்வி கேட்கும் போக்கு ஒன்று உண்டு. ‘முழுச்சேர்க்கை’ எனப்படும் அந்த விதி எளிது: ஊரிலுள்ள அத்தனை வீடுகளும் சேர்ந்தால்தான் திட்டம், ஒரு வீடு விலகி நின்றாலும் வேலை தொடங்காது. ஒரு வீட்டார் மலம் கழிக்க வயல்வெளிக்குப் போனாலும் கிருமி ஊர் முழுவதையும் எட்டிவிடும் என்பதால் வகுக்கப்பட்ட சுகாதார விதியாகவே இது வழக்கமாக விளக்கப்படுகிறது. அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், வயிற்றுப்போக்கு குறையாத இடத்தில் விதியும் தோற்றதாகிவிடும். ஏழைகள் மீதான வற்புறுத்தலும் பல ஆண்டுத் தாமதமும் மட்டுமே மிஞ்சும்.

விளக்கமே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். இந்த விதி நோயைவிட முதன்மையாகப் பேரத்தைப் பற்றியது. ஊர்க்கூட்டத்தில் என்றும் குரலற்று இருந்த வீட்டுக்கு, அது இல்லாமல் எதுவும் நடக்காது என்ற நிலையை உண்டாக்கியது.

விதியின் வரலாற்றிலிருந்து ஒரு தடயம் கிடைக்கிறது. 1983 முதல் 1993 வரை கிராம் விகாஸ் ஏறத்தாழ 54,000 சாண எரிவாயுக் கலன்களைக் கட்டியது. இந்தியாவில் ஒரு தொண்டு நிறுவனம் தனித்துச் செய்த மிகப்பெரிய பணிகளில் அதுவும் ஒன்று. ஆனால் சாண எரிவாயுவுக்கு மாடு வேண்டும். மாடில்லாத வீடு, அதாவது நிலமற்ற தலித், ஆதிவாசிக் கூலி வீடு, அத்திட்டத்தின் இயல்பினாலேயே வெளியே நின்றது. அந்தப் பணி முடியும் தறுவாயில், 1992இல், ஐந்து ஊர்களில் 337 குடும்பங்களோடு முழுச்சேர்க்கைத் திட்டம் தொடங்கியது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆயினும் வசதியுள்ள வீட்டிலிருந்து தொடங்கினால் வசதியற்ற வீடு எங்கே நிற்கும் என்பதைப் பத்தாண்டுகள் கண்ணெதிரே பார்த்த அமைப்பு இது. அதன் அடுத்த திட்டம் ‘ஒரு வீடும் விடக்கூடாது’ என்று தொடங்கியதைத் தற்செயல் என்று கொள்வது கடினம்.

விதி செயல்படும் வரிசையைக் கூர்ந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். முதலில் ஊர் ஒரு வைப்பு நிதி சேர்க்க வேண்டும். வீட்டுக்குச் சராசரி 1,000 ரூபாய். எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை. இருப்பவர் கூடுதலாகவும் இல்லாதவர் குறைவாகவும் கொடுத்துச் சராசரியை எட்ட வேண்டும். யார் எவ்வளவு என்பதை ஊரே உட்கார்ந்து பேசி முடிக்கிறது. அடுத்து, ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இடம்பெறும் குழு அமைக்கப்பட்டு, ஊர் ஒரு சங்கமாகப் பதிவாகிறது. பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறையும் குளியலறையும் கட்டப்படுகின்றன. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, இரட்டைக் குழி. ஒரு குழி நிறைந்ததும் மற்றதற்கு மாற்றிவிட்டால் முதலாவது காலப்போக்கில் மக்கி எருவாகிவிடும். கல்லும் மணலும் உடலுழைப்பும் வீட்டாருடையவை. ஊர் இளைஞர்களும் பெண்களும் கொத்து வேலை பழகிக்கொள்கிறார்கள்.

தண்ணீர் கடைசியில்தான் வருகிறது. எல்லா வீட்டிலும் சுவர் எழுந்து கதவு மாட்டிய பிறகே மேல்நிலைத் தொட்டியிலிருந்து குழாய் திறக்கப்படும். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று குழாய்கள்: கழிப்பறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, சமையலுக்கு ஒன்று. பெரிய வீட்டுக்கும் தலித் தெருவின் கடைசி வீட்டுக்கும் அதே தொட்டி, அதே மூன்று.

இங்கேதான் சுகாதார விளக்கம் தடுமாறுகிறது. கிருமியைத் தடுப்பது மட்டுமே நோக்கம் என்றால் குளியலறை எதற்கு? சமையலறைக்குத் தனிக் குழாய் எதற்கு? தூய்மை இந்தியா இயக்கம் 2014க்குப் பின் ஒரு வீட்டுக் கழிப்பறைக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை தந்தது. குளியலறை அதில் கட்டாயமில்லை. கிராம் விகாஸோ தொடக்கம் முதலே அதை விடாப்பிடியாகச் சேர்த்தது. குளத்தங்கரையில் ஆண்கள் பார்க்கச் சேலையோடு குளித்து, ஈரத்தோடு வீடு திரும்பிய பெண்களுக்குக் கதவுள்ள ஓர் அறை கிடைத்தது. ஏழைக்குக் கட்டுவது மட்டமானதாக இருக்கத் தேவையில்லை என்று நிறுவனர் ஜோ மடியத் பொதுமேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறார். வயிற்றுப்போக்கைக் கணக்கிடும் படிவத்தில் அந்தக் கதவுக்குக் கட்டம் கிடையாது.

சாதியைப் பற்றியும் இதையே சொல்லலாம். ஒரே தொட்டித் தண்ணீர் தலித் வீட்டுக்கும் போவதை மேல்சாதியினர் எதிர்த்ததைக் கிராம் விகாஸே தன் அனுபவமாகப் பகிர்ந்திருக்கிறது. வழக்கமான அரசுத் திட்டத்தில் இந்த எதிர்ப்புக்கு எளிய வழி உண்டு: தலித் தெருவுக்குத் தனியாக ஒரு கைப்பம்பு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். முழுச்சேர்க்கை விதி அந்த வழியை அடைத்தது. தண்ணீர் வேண்டுமென்றால், தான் தீண்டத் தயங்கும் வீட்டின் வாசலுக்குப் போய் அதன் சம்மதத்தைக் கேட்டாக வேண்டும்.

இனி, 2019 ஆய்வுக்கு வரலாம். கட்டுமானம் முடிந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து நடந்த அக்கணக்கெடுப்பில், திட்ட ஊர்களில் முறையான கழிப்பறையுள்ள வீடுகள் சுமார் 85 விழுக்காடு. மற்ற ஊர்களில் 18. வேறுபாடு பெரிதுதான். ஆனால் நூறாகத் தொடங்கிய ஊர் 85ஆக நிற்பதை விதியின் தேய்மானமாகப் படித்துவிடுவது எளிது. அப்படிப் படிப்பதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது.

ஆய்வு எடுத்துக்கொண்டவை ஊரின் எல்லா வீடுகளும் அல்ல; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகள். குழந்தைகளின் நோயை அளக்கும் ஆய்வுக்கு அது பொருத்தமான தேர்வு. ஆனால் ஊரை அளக்க அது போதாது. சிறு குழந்தை உள்ள வீடு என்பது பெரும்பாலும் இளம் தம்பதியின் வீடு. பத்தாண்டுகளுக்கு முன் கழிப்பறை கட்டியபோது அவர்களில் பலர் திருமணமாகாத மகன்களாகப் பெற்றோர் வீட்டில் இருந்திருப்பார்கள். தனிக்குடித்தனம் போன பின் எழுந்த கூரை, ஊர்க்கூட்டம் அன்று ஒப்புக்கொண்ட பட்டியலில் இல்லாத கூரை. விடுபட்ட 15 விழுக்காட்டில் கணிசமான பகுதி இப்படிப் பிரிந்த புதுவீடுகளாக இருக்கக்கூடும். இது ஊகம்தான், வீடு எப்போது பிரிந்தது என்ற கணக்கை வைத்தே உறுதிசெய்ய முடியும். இருந்தும், அந்த எண்ணை விதியின் தோல்வியாக எடுத்துக்கொள்வதைவிட இந்த வாசிப்பு தரவுக்கு நெருக்கமாக இருக்கிறது.

அவ்வாறானால் சோதனைக்கு உள்ளாவது வைப்பு நிதி. அந்த நிதியின் வட்டி, பிறகு பிரிந்து வரும் வீடுகளுக்குக் கைகொடுப்பதற்கென்றே வகுக்கப்பட்டது. நூறு வீடுள்ள ஊரில் அந்த நிதி ஒரு லட்சம் ரூபாய். பத்து விழுக்காடு வட்டியில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கிடைக்கும். ஏழு விழுக்காட்டில் ஏழாயிரம்தான். 1990களில் வங்கி வைப்புக்குக் கிடைத்த இரட்டை இலக்க வட்டி 2010களின் நடுவில் இல்லை. அதற்குள் சிமெண்டும் கம்பியும் கூலியும் பலமடங்கு ஏறிவிட்டன. ஓர் ஊரின் முழு ஆண்டு வட்டி, அரசு ஒரே ஒரு கழிப்பறைக்குத் தரும் ஊக்கத்தொகைக்கும் கீழே போய்விடுகிறது. குறை இருந்தால் அது இந்தக் கணக்கில் இருக்கிறது. தொகையை உயர்த்தித் திருத்தக்கூடிய குறை அது. விதியைக் கைவிடுவதற்கான காரணம் ஆகாது.

வயிற்றுப்போக்கு குறையாதது குறித்து ஒன்று. புரி மாவட்டத்தில் நூறு ஊர்களில் நடந்து 2014இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான சோதனை, அரசின் முழுச் சுகாதார இயக்கத்தை அளந்தது. திட்ட ஊர்களில் கழிப்பறையுள்ள வீடுகள் 9 விழுக்காட்டிலிருந்து 63 வரை உயர்ந்தும் நோயில் மாற்றமில்லை. குழாய்நீரும் குளியலறையும் அற்ற திட்டம் அது. அதையும் கிராம் விகாஸையும் ஒரே தட்டில் வைத்து, ‘ஒடிசாவில் கழிப்பறை பலனளிக்கவில்லை’ என்று பொதுமைப்படுத்துவது ஏற்கத்தக்கதல்ல. 2019 ஆய்வு கண்ட உயர வேறுபாடு சிறியதே என்றாலும் அலட்சியப்படுத்தக்கூடியதன்று. பெற்றோர் நினைவிலிருந்து சொல்லும் ஒரு வார வயிற்றுப்போக்கைவிட, அளவுகோலால் அளந்த குழந்தையின் உயரம் நீண்டகால வாழ்நிலையை நம்பகமாகக் காட்டும்.

விதி மெதுவானது என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஐந்து ஊர்களில் தொடங்கியது இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களை எட்டியிருக்கிறது. வேகமாக நடந்த திட்டங்கள் எத்தனை கழிப்பறைகளை விறகு அடுக்கும் அறைகளாக விட்டுச்சென்றன என்பது துறையினர் அறிந்ததே.

வற்புறுத்தல் என்ற மறுப்பு கனமானது. வெளியே மலம் கழிப்பவருக்கு அபராதம் விதித்த ஊர்கள் உண்டு. அபராதம் ஏழைக்கே அதிகம் வலிக்கும். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அபராதம் குழாய் திறந்த பிறகு ஊர் எடுத்த முடிவு. முழுச்சேர்க்கை விதி அதற்கு முன்னால் நிற்பது. அங்கே அழுத்தம் எதிர்த்திசையில் பாய்கிறது. கல் சுமக்க ஆளில்லாத விதவையின் வீட்டுச் சுவரை எழுப்பாமல் நிலக்கிழாரின் குழாயில் தண்ணீர் வராது. இரண்டையும் ‘வற்புறுத்தல்’ என்ற ஒரே பெயரால் அழைப்பவர்கள், யார் யாரை வற்புறுத்துகிறார் என்பதைக் கேட்கத் தவறுகிறார்கள்.

இந்த வாசிப்பைச் சோதிக்கப் புதிய மருத்துவ ஆய்வு எதுவும் வேண்டியதில்லை. ஊர்ச் சங்கங்களின் கூட்டப் பதிவேடுகளிலிருந்து மூன்றைத் திரட்டினால் போதும்: கடைசியாக ஒப்புக்கொண்ட வீடு எது, அது எந்தத் தெருவில் இருந்தது, அதன் சம்மதத்துக்காக மற்றவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள். விட்டுக்கொடுத்தது எதுவுமில்லை என்று பதிவேடுகள் காட்டினால் இந்த வாதம் விழும். வைப்பு நிதியில் குறைந்த பங்கு, கூலியின்றி வந்த கைகள், மாற்றிப் போடப்பட்ட குழாய்ப்பாதை என அவை காட்டினால், கிராம் விகாஸின் சாதனையை இதுவரை தவறான அலகில் அளந்துவந்திருக்கிறோம் என்று ஆகும்.