மோட்டார்ச் சைக்கிளும் ஆண்டுப் பரிசோதனையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பிரித்தானியத் தொழிலாளி ஒருவனுக்கு மோட்டார்ச் சைக்கிள் விளையாட்டுப் பொருளன்று; பிழைப்புக்கு வழியாகும். மோட்டார்க் கார் வாங்க வசதியற்றவன் மோட்டார்ச் சைக்கிளிலே தொழிற்சாலைக்குச் சென்றான். குடும்பம் பெருகியபோது அதன் அருகே பக்கவண்டி ஒன்றைப் பூட்டி, மனைவி மக்களையும் ஏற்றிச் சென்றான். 1960ஆம் ஆண்டளவில் அந்நாட்டிலே அனுமதி பெற்றிருந்த மோட்டார்ச் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் 17 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தன. அவ்வாண்டில் பிரித்தானிய வீதிகளில் உயிரிழந்தோர் 6970 பேர். அவர்களுள் ஏறக்குறைய நான்கிலொரு பங்கினர் மோட்டார்ச் சைக்கிளில் சென்றவர்கள். வண்டிகளை ஆண்டுதோறும் பரிசோதிக்கும் முறை அங்கே பிறந்தது இத்தகைய காலத்திலேயாம்.

அம்முறைக்கு வேண்டிய அதிகாரத்தை 1956ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் அளித்திருந்தது. எனினும் அது நடைமுறைக்கு வந்தது 1960ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலேதான். அப்பொழுது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் ஏர்னெஸ்ட் மாபிள்ஸ் என்பவர். பத்து ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் மட்டுமே பரிசோதிக்கப்பட்டமையால் மக்கள் அதனைப் ‘பத்தாண்டுப் பரிசோதனை’ என்று அழைத்தனர். பரிசோதித்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தர்கள் அல்லர். அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்ற கராஜ்களிலேயே இப்பணி நடைபெற்றது. தொடக்கத்திலேயே தவறிய வண்டிகளின் தொகை எதிர்பார்ப்பை விஞ்சி நின்றது. ஆதலின் 1961ஆம் ஆண்டு முடிவதற்குள் பத்தாண்டு என்ற எல்லை ஏழாண்டாகக் குறைக்கப்பட்டது. 1967இல் அது மூன்றாண்டாயிற்று.

முதற் பரிசோதனையிலே நோக்கப்பட்டவை மூன்றே: தடுப்புக்கருவியாகிய பிரேக், விளக்கு, வண்டியைத் திருப்பும் பொறி. எஞ்சினின் வலிமையை எவரும் அளக்கவில்லை. இன்றும் அப்பரிசோதனையில் எஞ்சினுக்கோ கியர்ப்பெட்டிக்கோ கிளச்சுக்கோ இடமில்லை. இது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் இதன் காரணம் தெளிவானது. எஞ்சின் பழுதுற்றால் வண்டி நின்றுவிடும். உடையவன் தானாகவே அதைத் திருத்துவான். பிரேக் தேய்ந்தாலோ பின்விளக்கு அணைந்தாலோ வண்டி நிற்பதில்லை, ஓடிக்கொண்டேயிருக்கும். உடையவனை வழியில் நிறுத்தாத குறைகளே பிறருக்கும் அவனுக்கும் உயிர் ஆபத்தாகின்றன. சட்டம் தேடிச் சென்றது அத்தகைய குறைகளையே.

அக்காலத்து மோட்டார்ச் சைக்கிளின் அமைப்பும் இக்குறைகளை வளர்த்தது. எட்வேர்ட் ரேணர் வடிவமைத்த ட்ரயம்ப் ‘ஸ்பீட் ருவின்’ என்னும் வண்டி 1937இல் வெளிவந்தது. அதன் எஞ்சினிலே இரண்டு உருளைகள் பக்கம் பக்கமாக அமைந்திருந்தன. இரு பிஸ்டன்களும் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழ்ந்தன. இந்த அமைப்பு மலிவானது, இலேசானது, விரைவு தருவது. ஆதலின் பிற பிரித்தானிய நிறுவனங்களும் இதனைப் பின்பற்றின. ஆயினும் இரு பிஸ்டன்களும் ஒருங்கே ஏறி இறங்கியமையால் வண்டி முழுவதும் அதிர்ந்தது. அந்த அதிர்வினால் மின்குமிழின் மெல்லிய இழை அறுந்தது, கம்பிகளின் இணைப்புத் தளர்ந்தது, திருகாணிகள் கழன்றன. மாலையில் ஒளிர்ந்த பின்விளக்கு இரவில் அணைந்திருக்கும். முன்னோக்கிச் செல்பவனுக்கோ அது தெரியாது. பின்னால் வரும் லொறிச் சாரதிக்கு அது தெரியவரும்போது காலம் கடந்துவிடும்.

எண்ணெய்க் கசிவு மற்றொரு குறை. பிரித்தானிய எஞ்சின்களின் அடிக்கூடு பெரும்பாலும் நெடுக்காகப் பிளந்த இரு பாதிகளை இணைத்துச் செய்யப்பட்டது. இணைப்பு மேலிருந்து கீழ்வரை சென்றமையால் உள்ளே நின்ற எண்ணெய் அதன் வழியே வெளியேறுவது எளிதாயிற்று. வண்டி நின்ற இடத்தில் நிலத்திற் படிந்த கறையை உரிமையாளர் பலர் பொறுத்துக்கொண்டனர். அதே எண்ணெய் பின் ரயரிலே படிந்தால் வளைவிலே வண்டி சறுக்கும் என்பதை எல்லோரும் எண்ணிப் பார்த்தாரல்லர்.

சில்லுகளிலும் திருப்பும் பொறியிலும் நேரும் பழுதுகள் கண்ணுக்கு எளிதிற் புலப்படா. பின்சில்லை இழுக்கும் சங்கிலி நாளடைவில் நீண்டு தொய்யும். அதனை இறுக்கும்போது சில்லின் இரு பக்கத்தையும் சமமாகப் பின்னகர்த்த வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக நகர்ந்தால் பின்சில்லு முன்சில்லின் நேர்கோட்டை விட்டு விலகிவிடும். இதனைக் கண்டறியப் பரிசோதகர் ஒரு நீண்ட நூலையோ நேரான சட்டத்தையோ இரு சில்லுகளின் பக்கத்திலும் வைத்துப் பார்ப்பார். கைபிடியின் கீழே கழுத்துப் பகுதியில் உள்ள குண்டுகள் உருளும் வளையமும் அவ்வாறே. நெடுநாள் ஓட்டத்தால் அதிலே சிறு குழி விழுந்தால், கைபிடியைத் திருப்பும்போது நடுவிலே ஒரு தட்டுத் தோன்றும். முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, கைபிடியை மெல்லத் திருப்பினாலன்றி அது தெரியாது. காருக்கு நான்கு சில்லுகள் உண்டு. ஒன்று தவறினும் அது நிலைத்து நிற்றல் கூடும். இரு சில்லுகளில் ஓடும் வண்டிக்கு அத்தகைய மன்னிப்பு இல்லை.

இதே காலத்திலே யப்பானிலிருந்து ஒரு மாற்றம் வந்துகொண்டிருந்தது. ஹொண்டா நிறுவனம் 1959இல் மான் தீவுப் பந்தயத்திலே முதன்முறையாகக் கலந்துகொண்டது. 1961இல் 125, 250 கன சென்றிமீற்றர் ஆகிய இரு பிரிவுகளிலும் அதன் வண்டிகளே வென்றன. 1969இல் வெளிவந்த ஹொண்டா சீ.பீ. 750 நான்கு உருளைகளை உடையது. பொத்தானை அழுத்தினால் இயங்கும் எஞ்சினும் முன்சில்லிலே தட்டுப் பிரேக்கும் கொண்டது. யப்பானியர் அடிக்கூட்டைக் குறுக்காகப் பிளந்து அமைத்தமையால் எண்ணெய்க் கசிவு அரிதாயிற்று. நம்பகமே அவ்வண்டிகளின் பெரும் புகழாயிற்று. ஒருகாலத்தில் உலகின் மிகப் பெரிய மோட்டார்ச் சைக்கிள் நிறுவனமாக விளங்கிய பீ.எஸ்.ஏ. 1973இல் வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டுத் தன் தனித்தன்மையை இழந்தது. மெரிடனிலே தொழிலாளர் கூட்டுறவாக நடத்திய ட்ரயம்ப் தொழிற்சாலையும் 1983இல் மூடப்பட்டது.

யந்திரம் திருந்திய பின்னர்ப் பரிசோதனை தேவையற்றுப் போயிற்றா எனின், இல்லை. அது மேலும் விரிந்தது. 1968இல் ரயர்களும், 1977இல் ஒலியெழுப்பும் கருவி, நிறுத்த விளக்கு, திரும்பற் குறிவிளக்கு முதலியனவும் சேர்க்கப்பட்டன. இன்றைய விதிப்படி சாதாரண மோட்டார்ச் சைக்கிளின் ரயரிலே குறைந்தது ஒரு மில்லிமீற்றர் ஆழமேனும் வெட்டுகள் இருத்தல் வேண்டும். இரு பிரேக்குகளுள் ஒன்று நூற்றுக்கு 30 வீதமும் மற்றையது 25 வீதமும் ஆற்றல் காட்ட வேண்டும். அண்மைய ஆண்டுகளில் பிரித்தானியாவிலே முதற் சோதனையில் தவறும் மோட்டார்ச் சைக்கிள்கள் ஐந்திலொன்றுக்கும் குறைவே. கார்களோ ஏறக்குறையப் பத்தில் மூன்று. மோட்டார்ச் சைக்கிளின் பெருமைக்கு இது நல்ல சான்றுதான். ஆயினும் தவறுவதற்கான காரணங்களை நோக்கினால், முதலிடத்தில் நிற்பவை இன்றும் விளக்குகளும் குறிவிளக்குகளுமே. அவற்றின் பின்னே பிரேக், ரயர், அதிர்வு தாங்கி, திருப்பும் பொறி ஆகியவை வருகின்றன. அறுபது ஆண்டுகளில் எஞ்சின் உருமாறிவிட்டது. குறைகளின் பட்டியலோ பெரிதும் மாறவில்லை.

இவ்வேளையில் ஒன்றை மிகைப்படுத்தாமற் கூற வேண்டும். பிரித்தானியாவில் மோட்டார்ச் சைக்கிளில் ஆண்டுதோறும் உயிரிழப்போர் அண்மைக் காலத்தில் 400 பேருக்கும் குறைவு. இக்குறைவு பரிசோதனையொன்றினாலே வந்ததன்று. புதிதாகப் பழகுவோர் 250 கன சென்றிமீற்றருக்கு மேற்பட்ட வண்டிகளை ஓட்டலாகாது என்று 1961இல் விதி வந்தது. 1973இல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. மக்களுள் மிகப் பலர் காருக்கு மாறினர். வீதிகளும் மருத்துவமும் முன்னேறின. பரிசோதனை இவற்றுள் ஒன்று மட்டுமே. மேலும், அத்தாட்சிப் பத்திரம் அந்த ஒரு நாளின் நிலைக்கே சாட்சி. மறுநாள் மின்குமிழ் அணைந்தால் அப்பத்திரம் ஒளி தராது.

இந்த உண்மையை விளக்க வரலாறே ஓர் எடுத்துக்காட்டைத் தந்துள்ளது. 1960ஆம் ஆண்டுக்கு முன் செய்யப்பட்ட வண்டிகளுக்கு ஆண்டுப் பரிசோதனை கட்டாயமன்று என்று 2012ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசாங்கம் விதித்தது. 2018இல் நாற்பது ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றியமைக்கப்படாத வண்டிகளுக்கும் அச்சலுகை விரிந்தது. எந்தப் பழைய வண்டிகளை அஞ்சி இப்பரிசோதனை தொடங்கிற்றோ, அவற்றின் தலைமுறைக்கே இன்று விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அவை புதுமை பெற்றுவிடவில்லை. அதே பிஸ்டன்கள், அதே அதிர்வு, அதே நெடுக்குப் பிளவு. மாறியது அவற்றை வைத்திருப்போரின் மனப்பான்மையே. அன்று கூலி வேலைக்குச் செல்லும் அவசரத்திலே கவனிப்பாரற்று ஓடிய வண்டி, இன்று விடுமுறை நாளில் குறைந்த தூரம் ஓடி, உரிமையாளரின் கையாலே துடைக்கப்பட்டு, திருகாணி திருகாணியாகப் பார்க்கப்படுகின்றது.

நம்பகம் என்பது தொழிற்சாலையிலே ஒருமுறை வார்த்துவிடும் பொருளன்று. உடையவனின் கவனம் நாள்தோறும் அதனைப் புதுப்பிக்கின்றது. பயணம் புறப்படுமுன் பின்விளக்கை ஒருமுறை நோக்குதல், பிரேக்கை அழுத்திப் பார்த்தல், ரயரைத் தடவிப் பார்த்தல் ஆகியவற்றுக்குச் செலவாகும் நேரம் ஒரு நிமிடத்துக்கு மேற்படாது. சட்டம் ஆண்டுக்கு ஒரு நாள் கேட்கும் கேள்வியை உடையவன் ஒவ்வொரு நாளும் தன்னையே கேட்டுக்கொள்வானாயின், அவனும் அவனுக்காக வீட்டிலே காத்திருப்போரும் கலக்கமின்றி வாழ்வர்.