மிதிவண்டியை விட்டு இறங்க மறுத்தவர்கள்

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் எழுதப்படாத சட்டம் ஒன்று நெடுங்காலம் நிலவிற்று. துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால், மிதிவண்டியில் செல்லும் தமிழ்த் தொழிலாளி கீழே இறங்கி நிற்க வேண்டும். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள், இவ்வழக்கம் ஒழிய வேண்டும் என்பதும் ஒன்று. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தகுந்த மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் முறைகேடாக நடப்பதைத் தடுத்தல், உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் வந்துபோகும் உரிமை ஆகியவற்றையும் அவர்கள் கேட்டனர். கூலியோடு மானத்தையும் அவர்கள் கேட்டார்கள் என்பதே அப்போராட்டத்தின் தனிச்சிறப்பாகும்.

கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் அவர்களை ஒன்றுதிரட்டியது. தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். தொடக்கத்தில் வேலைநிறுத்தங்கள் பெரும்பாலும் அமைதியாகவே நடந்தன. ஆயினும் ஐரோப்பாவில் போர் மூண்டிருந்த காலம் அது. பிரிட்டனுக்கு இரப்பர் இன்றியமையாததாக இருந்தது. தொழிலாளரின் குறையைக் கேட்டுத் தீர்க்க வேண்டிய அரசு, அதனை ஒழுங்கைக் குலைக்கும் கலகமாகக் கருதியது. மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார்.

அக்கைதே நெருப்பில் எண்ணெயாயிற்று. அவரை விடுவிக்கக் கோரித் தோட்டந்தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. காவல்துறையோடு படையும் ஏவப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். சிலாங்கூர் முழுவதற்கும், வடகோடியில் உள்ள பாகான் நக்கோடா ஓமார் வரையில், அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பலர் சிறைப்பட்டனர், சிலர் நாடு கடத்தப்பட்டனர். நாதனும் இந்தியாவிற்கு அனுப்பப்பட்டார்.

இந்நிகழ்ச்சியில் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. தொழிலாளரை அடக்க அனுப்பப்பட்ட வீரர்கள் இந்தியரே. அடக்கியோரும் அடக்கப்பட்டோரும் ஒரே நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆணையிட்டவர் மட்டுமே வேறு. ஒரு தனிமனிதனின் கொடுமையால் மட்டும் இத்தகைய நிகழ்ச்சிகள் நேர்வதில்லை. குடிகளின் குறையைக் குற்றமாகக் காணும் ஆட்சிமுறையே அவற்றிற்கு வித்திடுகின்றது என்பதை இதனால் அறியலாம்.

அதே ஆண்டு டிசம்பரில் சப்பானியர் படையெடுத்தனர். 1957இல் நாடு விடுதலை பெற்றது. பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. லயங்களில் வாழ்ந்த குடும்பங்கள் நகரோரங்களுக்குப் பெயர்ந்தன. ஆட்சி மாறிய பின்னும், காவல்துறை மீதான ஐயம் முற்றும் அகலவில்லை. காவலில் நேரும் மரணங்களில் இந்தியரின் பங்கு அவர்தம் மக்கள்தொகை விகிதத்தினும் மிகுதி என்பதை மனித உரிமை அமைப்புகள் தொடர்ந்து சுட்டி வருகின்றன. 2004இல் அமைந்த அரச ஆணையம், 2005இல் 125 பரிந்துரைகளை வழங்கியது. காவலரின் முறைகேட்டை விசாரிக்கத் தனித்தியங்கும் ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது. 2023 சூலையில் செயற்படத் தொடங்கிய காவல்துறை நடத்தை ஆணையத்திற்குத் தானே தண்டிக்கும் அதிகாரம் இல்லை. தன் முடிவுகளை உரிய ஒழுங்கு அதிகாரிகளிடம் அனுப்புவதோடு அதன் பணி நின்றுவிடுகிறது.

தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர், இரப்பர் உற்பத்தியின் கணக்கோடு நின்றுவிடலாகாது. மிதிவண்டியை விட்டு இறங்கமாட்டோம் என்றோரின் கோரிக்கையையும், அதற்குக் கிடைத்த விடையையும் மாணவர் அறிதல் வேண்டும். குறை கூறுவோரை அஞ்சாமல் கூறவிட்டு, அதனை நடுநிலையோடு விசாரிக்கும் அமைப்பு இல்லாத இடத்தில், சட்டத்தின் மீது மக்களுக்கு நம்பிக்கை வேரூன்றுவதில்லை.