மறைமலை நகரிலிருந்து வல்லம் வடகால் வரை

வேதாசலம் என்னும் தம் பெயரையே தமிழாக்கிக்கொண்ட மறைமலையடிகள் 1911 முதல் பல்லாவரத்தில் வாழ்ந்தவர். அதே இருப்புப்பாதையில் தெற்கே சென்றால் அவர் பெயரில் ஒரு நகரம் வருகிறது. அந்தத் தனித்தமிழ்ப் பெயர் வெளிமாநிலங்களில் அறியப்பட்டது ஓர் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலையால் என்பது தமிழ் படித்தவனைப் புன்னகைக்க வைக்கும். நான் சொல்ல வந்தது அதுவன்று.

சென்னையின் நெரிசலுக்கு மாற்றாகத் துணை நகரங்களை 1970களில் எண்ணியவர்கள், மறைமலை நகருக்குத் தேர்ந்த இடம் கவனிக்கத்தக்கது. இரயில் பாதை உண்டு. திருச்சி நெடுஞ்சாலை உண்டு. தொழிற்பேட்டையும் வீட்டுமனைகளும் அருகருகே. நடந்து வேலைக்குப் போகலாம், இரயிலேறிப் பட்டணத்துக்குப் போகலாம். இன்றைய கருத்தரங்குகளில் பெரிய பெயர்களோடு பேசப்படுவது அன்று எளிய வரைபடமாக இருந்தது. ஆனால் ஊர் மெல்லத்தான் நிறைந்தது. போர்டு நிறுவனத்தின் கார்கள் அங்கிருந்து வெளிவந்தது 1999இல். உற்பத்தி நின்றது 2022இல்.

அதே காலத்தின் இன்னொரு முயற்சியையும் சொல்ல வேண்டும். உலக வங்கியின் கடனுதவியோடு 1977இல் தொடங்கிய திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனையும் அடிப்படை வசதிகளும் மட்டும் தரப்பட்டன. வீட்டை அவரவர் தம் கைப்பொருளுக்கேற்பக் கட்டிக்கொண்டனர். சிறு மனையும் பெரு மனையும் ஒரே பகுதியில் அமைந்ததால், ஏழையும் நடுத்தரக் குடும்பமும் ஒரே தெருமுனைக் கடைக்கு வந்தார்கள். தோல்வி என்று பலரும் கைகழுவிய அத்திட்டத்தைப் பல்லாண்டுகளுக்குப் பின் திரும்பிப் பார்த்த ஆய்வாளர்கள், அவை உயிருள்ள குடியிருப்புகளாகிவிட்டதைக் கண்டார்கள்.

இனித் திருப்பெரும்புதூர். இராமாநுசர் பிறந்த தலம். இரயில் நிலையம் இல்லாத ஊர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. நோக்கியா 2006இல் வந்து 2014இல் மூடியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–திருப்பெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் அந்தச் சந்திப்பு, சரக்குந்துக்கு ஏற்ற இடம். மனிதர் குடியிருப்பதைப் பற்றி அந்த வரைபடம் அதிகம் கவலைப்படவில்லை. பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலையும் (1955) நெய்வேலியும் (1956) வேலையோடு வீட்டையும் பள்ளியையும் கட்டின. அங்கும் பதவிக்குத் தக்கபடிதான் வீட்டின் அளவு என்பது உண்மை. ஆயினும் குழந்தை வளர ஒரு தெரு இருந்தது. தனியார் காலத்தில் அந்தப் பொறுப்பு ஒப்பந்தக்காரர் கைக்குப் போயிற்று. வெளியூர்ப் பெண்கள் விடுதிகளில் அடைந்தார்கள். ஆலைப் பேருந்து அவர்களை ஏற்றி இறக்கியது.

2021 டிசம்பரில் அப்படியொரு விடுதி உணவால் பாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழியர் பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தார்கள். அதற்கு முன்பு அந்த விடுதிகளைப் பற்றி நம் சிற்றிதழ்களில் எத்தனை பக்கம் எழுதினோம்? நானும் எழுதவில்லை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. 706.50 கோடி ரூபாய், 18,720 பெண்கள், ஓர் அறைக்கு ஆறு பேர். முன்பிருந்ததோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். இதைக் குறைத்துச் சொல்பவர்கள் பழைய விடுதிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். எனினும் இது நகரமன்று, கட்டில்களின் எண்ணிக்கை. மணமானவளுக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் வயதான தாய்க்கும் அங்கே இடமில்லை. அரும்பாக்கத்தின் சிறு மனை ஒன்று ஒரகடத்துக்கு அருகில் இருந்திருந்தால் அவள் ஊரைவிட்டு வந்தவளாக இல்லாமல் ஊர்க்காரியாகியிருப்பாள்.

பூந்தமல்லியிலிருந்து திருப்பெரும்புதூர் வழியாகப் பரந்தூருக்கு மெட்ரோ இரயில் என்னும் திட்டமும் தீட்டப்பட்டிருக்கிறது. நிலையங்களைச் சுற்றி மனையின் விலை ஏறுவதற்கு முன்பே, தொழிலாளர் குடும்பங்களுக்கான நிலத்தை ஒதுக்கிவிட வேண்டும். மறைமலை நகரில் நிலம் முந்தியது, வேலை பிந்தியது, இங்கே முறை தலைகீழ்.

சென்ற ஆண்டு வகுப்பில் 'என் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி தன் அக்காவின் ஊரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாள். எந்த ஊர் என்று கேட்டேன். “ஷிப்ட் பஸ் நிக்கற இடம் சார், பேர் தெரியல” என்றாள்.