அடுப்படிவரை வந்த தொலைபேசி

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி 1989-இல் வந்தது. விண்ணப்பித்து ஆறு வருடம் காத்திருந்த கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்வார். கறுப்பு நிறத்தில், டயல் சுழற்றும் கருவி. கூடத்தில் அவருடைய சாய்வு நாற்காலிக்கு வலக்கைப் பக்கம், பின்னல் துணி விரித்த முக்காலியின்மேல் அதற்கு இடம். துணியைப் பின்னியவள் அம்மா. டயலில் ஒரு சின்னப் பூட்டு தொங்கும். சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். (அப்பாவுக்கு ‘ஆர்’ விகுதியும் அம்மாவுக்கு ‘ஆள்’ விகுதியும் என் கைக்குத் தானாக வருகின்றன. இத்தனை வருடம் இலக்கணம் நடத்தியும் போகவில்லை.)

அந்த முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மா பேசி நான் பார்த்ததில்லை. முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து, நின்றுகொண்டே பேசுவாள். ஈரோட்டிலிருந்து சித்தி பேசினால் இந்தப் பக்கம் கேட்பது “ம்”, “சரி”, “சாப்பிட்டியா”, “பாத்துக்கலாம்” என்ற நான்கு சொற்கள்தான். அந்தப் பக்கம் சித்தி என்ன சொன்னாள் என்பது கூடத்தில் இருந்த யாருக்கும் தெரியாது. அம்மா பதில் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். ஆகவே அவள் பதில் சொல்லவில்லை.

இந்தக் கருவி பெண்கள் பேசுவதற்காக வந்ததன்று. 1882-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி இணைப்பகங்கள் திறக்கப்பட்டன. வணிகமும் நிர்வாகமும்தான் அன்றைய தேவை. அமெரிக்காவிலும் அப்படித்தான். கிளாட் ஃபிஷர் 1992-இல் எழுதிய ‘அமெரிக்கா காலிங்’ நூலில் ஒரு செய்தி உண்டு: பெண்கள் அக்கம்பக்கத்தாருடன் பேசுவதைத் தொலைபேசி நிறுவனங்கள் வெகுகாலம் வெட்டிப்பேச்சாகவே கருதின, அதைக் குறைக்கவும் முயன்றன. அதே நிறுவனங்களுக்கு இணைப்புக் கொடுக்கப் பெண்குரல் வேண்டியிருந்தது. 1878 செப்டம்பரில் பாஸ்டன் இணைப்பகத்தில் எம்மா நட் வேலைக்குச் சேர்ந்தார். அதுவரை அந்த வேலையில் இருந்த பையன்கள் வாடிக்கையாளர்களிடம் துடுக்காகப் பேசினார்களாம். சென்னை இணைப்பகங்களில் ஆங்கிலோ-இந்தியப் பெண்கள் அந்த நாற்காலிகளில் அமர்ந்தார்கள். ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுப்பது வேலை. தன் பேச்சைப் பேசினால் வம்பு.

தூது இலக்கியம் நடத்தும்போது இதை நினைத்துக்கொள்வேன். அன்னம், மயில், கிளி, முகில், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்று தூதுக்குரிய பொருள்கள் பத்து என்பார்கள். அந்தப் பட்டியலில் பெண் என்று இருப்பவள் தோழி ஒருத்திதான். அவளும் அடுத்தவள் சேதியைச் சுமப்பவள்.

லானா ரேகோ அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு சிற்றூர்ப் பெண்களிடம் தொலைபேசி பற்றிக் கேட்டறிந்து, ‘ஜெண்டர் ஆன் தி லைன்’ என்று 1992-இல் நூலாக்கினார். உறவுகளை விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளும் கூலியில்லாத வேலையைப் பெண்கள் தொலைபேசியில் செய்கிறார்கள் என்கிறார். அம்மாவுக்கும் அதுதான் வேலை. யார் வீட்டில் வளைகாப்பு, யாருக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, எந்தத் துக்கத்துக்கு யார் போகவில்லை என்ற கணக்கெல்லாம் அவளிடம். இரவு பதினொரு மணிக்குமேல் வெளியூர் அழைப்புக்குக் கால்பங்கு கட்டணம் என்பதால், விழித்திருந்து பேசுவாள். பில் வந்ததும் அதே கணக்கு அவள்மேல் குற்றமாகத் திரும்பும்.

1999-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒரு கார்ட்லெஸ் போன் கொண்டுவந்தார். அதன் சதுரக்கால் பிளக் எங்கள் வீட்டுச் சுவரில் நுழையவில்லை. அதற்கென்று மாற்றுப் பிளக் வாங்க இரண்டு நாள் அலைந்தோம். கம்பியில்லாத் தொலைபேசிக்கு ஜார்ஜ் ஸ்வைகர்ட் என்ற அமெரிக்கர் 1969-இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். எங்கள் வீட்டுக்கு அது வந்துசேர முப்பது வருடம். முதல் நாள் மாலை கைக்கருவியை எடுத்துக்கொண்டு அம்மா அடுப்படிக்குப் போனாள். ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டு சித்தியிடம் பேசினாள். முழு வாக்கியங்களாகப் பேசினாள். அவள் குரல் அவ்வளவு நீளமாகப் போகும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பிறகுதான் தொல்லைகள். பெட்டியில் அச்சிட்டிருந்த தூரம் வெட்டவெளிக்கானது. எங்களுடையது பழைய காலச் சுவர். இரண்டு சுவர் தாண்டினால் இரைச்சல், கொல்லைக் கதவைத் தாண்டினால் ஒன்றுமில்லை. அலமாரியை ஒட்டி அரை அடி இடத்தில் நின்றால் மட்டும் தெளிவாகக் கேட்கும். அம்மா அந்த அரை அடியைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். சிலசமயம் எதிர்வீட்டு அம்மாளின் மருமகள் பேசுவது எங்கள் கருவியில் கேட்டது. அப்படியென்றால் நம் பேச்சும் அங்கே கேட்குமே என்று அம்மா ஒரு வாரம் மறுபடியும் “ம்”, “சரி” என்றே பேசினாள். மின்கலம் ஒரு வருடத்தில் சோர்ந்து, பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் மூட்டியது அடித்தட்டில் இருந்த ஒரு பொத்தான். கைக்கருவியை எங்காவது வைத்து மறந்துவிட்டால், அதை அழுத்தினால் கருவி ஒலி எழுப்பும். கருவி எப்போதும் அம்மாவோடு அடுப்படியில்தான் இருக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியும். காப்பி வேண்டுமென்றால் சாய்வு நாற்காலியிலிருந்தபடியே பொத்தானை அழுத்துவார். அடுப்படியில் மணி அடிக்கும். அம்மா காப்பி கலப்பாள். அதில் கேலியோ அதிகாரமோ இருப்பதாக அவர் நினைத்ததில்லை. கூப்பிட்டுத் தொண்டை வலிக்கவேண்டாமே என்பார்.

கறுப்புக் கருவி பரணுக்குப் போயிற்று. கூடத்தில் பழையதாக ஒன்று கிடப்பது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

2012-இல் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்பது சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு மணிநேரம் வரும், ஒரு மணிநேரம் போகும். சாதாரணக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் இணைப்பகத்து மின்கலங்களிலிருந்து செம்புக் கம்பி வழியாகவே வந்துவிடும். ஊரே இருட்டானாலும் மணி அடிக்கும். கார்ட்லெஸ் அப்படியன்று. கைக்கருவியில் மின்கலம் இருந்தாலும், அடித்தட்டுக்கு வீட்டு மின்சாரம் இல்லையென்றால் அது பிளாஸ்டிக் கட்டிதான். இன்னொன்றும் உண்டு. நம் வீட்டில் மணி அடிக்காவிட்டாலும், அழைக்கிறவர் காதில் மணியோசை வழக்கம்போலக் கேட்டுக்கொண்டேயிருக்கும். வீட்டில் ஆள் இருந்தும் எடுக்காததுபோல.

அந்த வருடம் ஐப்பசியில் சித்தி மூன்று நாள் அழைத்திருக்கிறாள். சித்தப்பா கடைக்குப் போன பிறகு, அப்பா கோயிலுக்குப் போயிருக்கும் சாயங்கால நேரம் பார்த்து அழைத்திருக்கிறாள். மூன்று நாளும் அந்த நேரத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. அப்பாவிடம் செல்பேசி இருந்தது. அந்த எண்ணுக்குச் சித்தி ஒருபோதும் அழைக்கமாட்டாள். இரண்டு பெட்டிகளில் துணியை அடுக்கி வைத்துக்கொண்டு, “வரட்டுமாக்கா” என்று ஒரு வார்த்தை கேட்பதற்காகத்தான் அழைத்தாளாம். நாலாம் நாள் துணியை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டாள்.

இது எங்களுக்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலப் பை போட்டுக்கொண்டிருக்கும்போது தெரிந்தது. “நீ எடுக்கலை. மாமா எதுவும் சொல்வார்னு பயந்துட்டே போலன்னு நெனச்சேன்” என்றாள் சித்தி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அம்மா கையிலிருந்த தேங்காயைப் பைக்குள் போடாமல் வைத்துக்கொண்டே இருந்தாள்.

ஊர் திரும்பிய மறுநாள் அம்மா என்னைப் பரணில் ஏறச் சொன்னாள். எலக்ட்ரீஷியனை வரவழைத்து, கூடத்திலிருந்து சுவரோரமாக அடுப்படிவரை கம்பி இழுக்கச் சொன்னாள். கூடத்தில் இணைப்பு வேண்டாமா என்று அவர் கேட்டார். அங்கே இன்னொன்று இருக்கிறது என்றாள். பூட்டை அரத்தால் அறுக்க வேண்டியிருந்தது. சாவி எங்கேயோ போய்விட்டது. அரிசி டின்னுக்கும் அஞ்சறைப்பெட்டிக்கும் நடுவில் கறுப்புக் கருவியை வைத்து, கீழே ஒரு மணை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஈரோட்டு எண்ணைச் சுழற்றினாள்.