ஸ்பானியம் எப்போது வேரூன்றியது?

பேரரசு சென்ற இடமெல்லாம் அதன் மொழியும் உடன் பரவியது என்பது அமெரிக்கக் கண்டங்களில் ஸ்பானியம் பரவிய வரலாறு குறித்த பொதுவான எண்ணம். சான்றுகள் அவ்வளவு எளிய கதையைச் சொல்வதில்லை.

கரீபியன் தீவுகளில் நோயாலும் கொடுமையாலும் மக்கள் அழிந்தனர். அவர்களோடு மொழியும் அழிந்தது. பெருநிலத்திலோ சமயப் பரப்புநர்கள் மக்களின் மொழிகளையே கற்றனர். 1560-இல் கெச்சுவா இலக்கணம் அச்சேறியது. 1570-இல் இரண்டாம் பிலிப் மன்னர், மெக்சிகோப் பழங்குடியினருக்குரிய மொழியாக நஹுவாட்டிலை ஏற்றார். 1584-இல் லிமாவில் அச்சான மறைக்கல்வி நூல் ஸ்பானியம், கெச்சுவா, அய்மாரா ஆகிய மும்மொழிகளில் அமைந்தது.

1770-இல் மூன்றாம் சார்லஸ் மன்னர் அம்மொழிகளை ஒழிக்க ஆணையிட்டார். எனினும் 1821-இல் மெக்சிகோ விடுதலை பெற்றபோது, மக்களில் பெரும்பகுதியினர் பழங்குடி மொழிகளையே பேசினர். அடுத்த நூற்றாண்டில் குடியரசின் பள்ளியும் நீதிமன்றமும் அலுவலகமும் ஸ்பானியத்தையே குடியுரிமையின் வாயிலாக்கின. மன்னராணைக்குச் சாயாத மொழிகள் சொந்த நாட்டின் வகுப்பறையில் சாய்ந்தன.

ஆகவே, மொழியிழப்பு முழுவதையும் காலனியத்தின் கணக்கில் எழுதிவிட இயலாது. விடுதலைக்குப்பின் எவருடைய மொழி ‘தேசத்தின் மொழி’ ஆயிற்று என்ற வினாவையும் ஆய்வாளர் எழுப்பியாக வேண்டும்.